பதினைந்து கிராம்

சீட்டில் நான்காவது வரி:
முசுக்கொட்டைப் பழம், உலர்ந்தது, பதினைந்து கிராம்.
ஃபெய் டாக்டரின் கையெழுத்தைப்
புழு தின்ற இலையைப்போலத்தான் படிக்க வேண்டும்,
ஓட்டைகளை வைத்து.

ஹூஜோவில், கால்வாயை ஒட்டிய எங்கள் கடையில்
இருநூற்றுப் பதினாறு இழுப்பறைகள்.
முசுக்கொட்டை மரத்துக்கு மட்டும் ஐந்து.
இலை, கண்ணெரிச்சலுக்கு.
குச்சி, தோள் பிடிப்புக்கு.
வேர்ப்பட்டை, இருமலுக்கு.
பழம், இரத்தத்துக்கு.
ஐந்தாவதைத் திறந்தால் திருகாணி, ரப்பர் வளையம்,
போன வருட நாட்காட்டி.
மரம் தராததையெல்லாம்
அதில்தான் போட்டு வைக்கிறோம்.

சீட்டைக் கொண்டுவந்தவள் நியு லான்ஷின்.
மணல் படகில் சுக்கான் பிடிப்பவள்.
வயது முப்பத்து மூன்று.
தொப்பியைக் கழற்றினாள்.
காதுகளுக்கு மேலே இருபுறமும் வெள்ளை,
மாவு பிசைந்த கையால் யாரோ
தலையைப் பிடித்துத் திருப்பிவிட்டதுபோல.

"இது கறுக்குமா?"

தராசுக்காரன் அதற்குப் பதில் சொல்லக் கூடாது.
ஆனால் சீட்டின் ஓரத்தில் டாக்டர் போட்ட கேள்வியை
நான் கேட்டே ஆக வேண்டும்:
"வயிறு இளகிப் போகிறதா?"
வரிசையில் பின்னால் நின்றவர்
சட்டென்று கூரையை ஆராய்ந்தார்.
"கல்லு," என்றாள். "மூன்று நாளைக்கு ஒருமுறை."
நல்லது. இது குளிர்ந்த பழம்,
இளகிய வயிற்றுக்கு ஆகாது.
"தூக்கம்?"
"படகுக்கு வரும். எனக்கு வராது."

சாயம் பூசலாமே என்றேன், கேட்டிருக்கக் கூடாது.
பூசினாளாம். மண்டை கொப்பளித்ததாம்.
அடுத்த மாதம் பதிவுத் திருமணம்,
சிவப்புத் திரைக்கு முன்னால் ஒரு படம் வேண்டும்.
மதகு திறக்கும் அந்தப் பையனுக்கு இருபத்தெட்டு.
"அவனுக்கு ஒன்றுமில்லை,
அவன் அம்மாதான் எண்ணிக்கொண்டிருக்கிறாள்."
வயதையா, முடியையா,
சொல்லவில்லை.

பித்தளைத் தட்டில் பழங்களைக் கொட்டினேன்.
காம்போடு சுருண்ட கறுப்புக் கம்பளிப்பூச்சிகள்.
கோல் சாய்ந்தது, பதினாறு.
இரண்டை எடுத்தேன், நேரானது.
எடுத்த இரண்டும் என் விரலிடுக்கில்.
திரும்ப உள்ளே போட நினைத்தபோது
கையை நீட்டினாள்.
மென்றாள், மணலை மெல்வதுபோல முதலில்,
பிறகு மெதுவாக.
கண்ணாடி அலமாரியில் நாக்கை நீட்டிப் பார்த்தாள்.
ஊதா.
"கறுக்குது," என்றாள், "இடம்தான் மாறிப்போச்சு."
கூரையை ஆராய்ந்தவர்கூடச் சிரித்தார்.

ஏழு பொட்டலம். சணல் கட்டு.
மண்சட்டியில், இரும்பில் அல்ல,
இருமுறை காய்ச்ச வேண்டும் என்றேன்.
படகில் மண்சட்டி நிற்காது என்றாள்.
மடியில் வைத்துக்கொள் என்றேன்.

மே மாதக் கடைசியில் வந்தாள்.
தொப்பி இல்லை.
வெள்ளை, வைத்த இடத்தில் வைத்தபடி.
"தூங்குறேன்," என்றாள், புகார்போல.
"லுவோஷே திருப்பத்தில் ரெண்டு தரம்
என்னை உலுக்கி எழுப்பினார்கள்."
மற்றதும் சீராகிவிட்டதாம். அதை
வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

படத்தைக் காட்டினாள்.
சிவப்புத் திரை, இரண்டு வெள்ளைச் சட்டைகள்.
போகிற வழியில் கரையோரம் மரம் பழுத்துக் கிடந்ததாம்,
பையன் உலுக்கினானாம்.
அவள் சட்டைப் பொத்தானருகே ஊதாவாய் ஒரு கட்டைவிரல்.
"கம்ப்யூட்டரில் ஒன்றை இலவசமாய் அழிக்கிறேன்,
முடியையா, கறையையா?" என்றானாம் படக்காரன்.

இரண்டும் படத்தில் இருந்தன.

சீட்டை நீட்டினாள். அதே நான்காவது வரி.
இந்தமுறை முதல் அள்ளலிலேயே
கோல் நேராக நின்றது, சரியாகப் பதினைந்து.
கட்டப் போனேன்.
நீட்டிய கையை அவள் இன்னும் எடுக்கவில்லை.

இழுப்பறையைத் திறந்தேன்.
கணக்கில் எழுதாமல்
இரண்டு.